வரைபடத்தில் 15 நிமிடம், ஆர்டரில் ஒரு நாள்

கேள்வி: அமெரிக்கப் பங்குகளுக்கு திங்க்ஆர்ஸ்விம் மென்பொருளில் நானே நிபந்தனை எழுதி ஆர்டர் வைக்கிறேன். விலை 20 கேண்டில் (வரைபடத்தில் ஒரு கால அளவின் விலை நகர்வைக் காட்டும் பட்டை) சராசரியைத் தாண்டி ஏறினால் வாங்க வேண்டும் என்பது நிபந்தனை. 15 நிமிட வரைபடத்தில் விலை சராசரியைத் தாண்டாத நேரத்தில் ஆர்டர் போயிருக்கிறதே, ஏன்?
– வாசகர், அழகாபுரம், சேலம்

பதில்: திரையில் நீங்கள் திறந்து வைத்திருக்கும் வரைபடத்தை ஆர்டர் பார்ப்பதில்லை. நிபந்தனை எழுதும் சாளரத்தில் கால அளவுக்கென்று தனிப் பட்டியல் உண்டு. அதைத் தொடாமல் விட்டால் 'டி', அதாவது ஒரு நாள், என்றே இருந்துவிடும். 15 நிமிட அளவில் 20 கேண்டில் என்பது 5 மணி நேர வணிகம். நாள் அளவிலோ அதே 20 ஏறத்தாழ ஒரு மாத வணிகம் ஆகிவிடுவதால், எழுதிய வரி ஒன்றாகவே இருந்தாலும் ஒப்பிடப்படும் சராசரி முற்றிலும் வேறாகிறது. ஆர்டரை உறுதிசெய்யும் திரையில் நிபந்தனையோடு கால அளவும் காட்டப்படும். அதைப் படிக்காமல் அனுப்ப வேண்டாம்.

கால அளவு சரியாக இருந்தும் இப்படி நடக்கலாம். முடிவடையாத கேண்டிலில் 'க்ளோஸ்', அதாவது முடிவு விலை, என்பது அந்த நொடியின் கடைசி விலைதான். இரவு 8.15க்குத் தொடங்கிய கேண்டிலில் விலை 8.20க்குச் சராசரியைத் தாண்டி, 8.30க்குள் கீழே இறங்கிவிட்டால், ஆர்டர் போயிருக்கும், ஆனால் முடிவு விலையில் அதற்கான அடையாளம் இருக்காது. 'க்ளோஸ்', சராசரி ஆகிய இரண்டின் பின்னும் சதுர அடைப்புக்குள் 1 என்று இட்டால், முடிந்த கேண்டில்களை மட்டுமே அது கணக்கில் எடுக்கும். சற்றுத் தாமதமாக, சில வேளை கூடுதல் விலைக்கு வாங்க நேரிடும் என்றாலும், பொய்யான ஏற்றத்தில் மாட்டிக்கொள்வதைவிட அது மேல் என்பதே என் கருத்து.

ஒரு மணி நேரப் போக்கையும் அதே நிபந்தனையில் சேர்க்கப் பலர் முயல்கிறார்கள். நிபந்தனை ஆர்டர் இரண்டாவது கால அளவை ஏற்பதில்லை. 20 ஒரு மணி கேண்டில்களின் சராசரிக்கு மாற்றாக, 15 நிமிட அளவில் 80 கேண்டில் சராசரியை எழுதலாம். ஒரு நாளின் வழக்கமான வணிகம் ஆறரை மணி நேரம், அது முழு மணிகளாகப் பிரியாது என்பதால் இரண்டும் நெருங்கி வருமே தவிர, அப்படியே ஒத்துப்போகா.

கேள்வி: மழைக் காலத்தில் இங்கே மின்சாரமும் இணையமும் நின்றுவிடுகின்றன. வைத்த நிபந்தனை ஆர்டரும் நின்றுவிடுமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: நிற்காது. நிபந்தனையைச் சோதிப்பது தரகு நிறுவனத்தின் சர்வர், உங்கள் மடிக்கணினி அல்ல. ஆர்டரின் ஆயுள் 'டே' என்றிருந்தால் அன்றோடு காலாவதியாகும். பல நாள் காத்திருக்க 'ஜிடிசி', அதாவது ரத்து செய்யும் வரை நீடிக்கும் ஆயுள், வேண்டும். இணையம் இல்லாதபோது மென்பொருளில் ரத்து செய்ய வழியிருக்காது என்பதால், கிடைக்கும் விலைக்கு வாங்கிவிடும் மார்க்கெட் ஆர்டரைத் தவிர்த்து, நீங்கள் குறிக்கும் விலைக்கு மேல் வாங்காத லிமிட் ஆர்டராகவே வையுங்கள்.