பிரிட்டனின் ரயில் எஞ்சின் பொறியாளர் சங்கம் என்ன ஆனது? இப்போதும் இயங்குகிறதா?

தனிச் சங்கமாக இல்லை. ஆனால் மூடப்படவும் இல்லை. 1911-இல் தொடங்கிய இன்ஸ்டிடியூஷன் ஆஃப் லோகோமோட்டிவ் இன்ஜினியர்ஸ், 1969-இல் இயந்திரப் பொறியாளர் கழகத்தோடு இணைந்து அதன் ரயில்வே பிரிவாகிவிட்டது.

அந்தப் பெரிய கழகமே ரயில்வேக்காரர்களின் பிள்ளைதான். 1847-இல் பர்மிங்காமில் அதைத் தொடங்கியபோது முதல் தலைவர் ரயில் எஞ்சின் முன்னோடி ஜார்ஜ் ஸ்டீபன்சன். சிவில் பொறியாளர் கழகத்தில் சேர, திறமையை நிரூபிக்க அவரைக் கட்டுரை எழுதச் சொன்னார்களாம். அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் இது என்று ஒரு கதை உண்டு. கேட்க சுவைதான், ஆனால் வரலாற்றாய்வாளர்கள் இதை நம்புவதில்லை.

சரி, ரயில்வே பிரிவினர் இப்போது என்ன செய்கிறார்கள்? சொற்பொழிவுகள், ஆய்வுக் கட்டுரைகள் எல்லாம் வழக்கம்போல நடக்கின்றன. எனக்குப் பிடித்தது 2012-இல் தொடங்கிய 'ரயில்வே சேலஞ்ச்' போட்டி. மாணவர்களும் இளம் பொறியாளர்களும் 10¼ அங்குல அகலத் தண்டவாளப் பாதையில் ஓடும் சிறிய எஞ்சினைத் தாங்களே வடிவமைத்துக் கட்ட வேண்டும். லெஸ்டர்ஷயரில் உள்ள ஸ்டேபிள்ஃபோர்டு சிறு ரயில்பாதையில் அதை ஓட்டிக் காட்டுவார்கள். இழுவை, சத்தம், பயணச் சொகுசு என்று பல சோதனைகள். அதில் ஒன்று ரொம்பவே சுவாரஸ்யம்: பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைச் சேமித்து, அப்புறம் அதை மட்டும் வைத்து எவ்வளவு தூரம் போக முடிகிறது என்று பார்ப்பார்கள். எஞ்சினை மட்டும் மதிப்பிடுவதில்லை. வடிவமைப்பு அறிக்கைக்கும் மதிப்பெண் உண்டு.