தீர்ப்பு வந்துவிட்டது, ஆப்பிளுக்குக் கமிஷன் கட்ட வேண்டாமா?

கேள்வி: இசை கற்றுத்தரும் சிறிய ஐபோன் ஆப் நடத்துகிறேன். சந்தாவில் 30 சதவீதம் ஆப்பிளுக்குப் போகிறது. "கோர்ட் தீர்ப்பு வந்தாச்சு, வெப்சைட் லிங்க் போட்டால் கமிஷனே கிடையாது, நான் மாற்றித் தருகிறேன்" என்று ஒரு ஆலோசகர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். தீர்ப்பு வந்தது நிஜம், ஆனால் அது அமெரிக்கத் தீர்ப்பு. உங்களிடம் வாங்குபவரின் ஆப் ஸ்டோர் கணக்கு எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டு விதிதான் செல்லும். அமெரிக்காவிலேயே கூத்தைப் பாருங்கள். எபிக் கேம்ஸ் என்ற வீடியோ கேம் நிறுவனம் ஆப்பிள் மேல் வழக்குப் போட்டது 2020-ல், ஆப்புக்கு வெளியே பணம் கட்டும் வெப்சைட் லிங்க்கைத் தடுக்கக் கூடாது என்று நீதிபதி உத்தரவிட்டது 2021-ல், அப்பீலெல்லாம் ஓய்ந்து 2024-ல் ஆப்பிள், சரி, லிங்க் வைத்துக்கொள், ஆனால் அதில் விற்றாலும் 27 சதவீதம் எடுத்து வை என்றது. கார்டு கட்டணத்தையும் சேர்த்தால் 30 சதவீதத்துக்குப் பதில் மிச்சமாவது பூஜ்யம். இது உத்தரவை மீறிய செயல் என்று நீதிபதி சொல்ல 2025 ஏப்ரல் ஆகிவிட்டது, அதற்கும் அப்பீல். பெரிய நிறுவனம் சந்தையை அமுக்குவதைத் தடுக்கும் போட்டிச் சட்டம் இந்த வேகத்தில் நடந்தால் சிறிய ஆப்காரர் கடையை மூடிய பிறகுதான் நியாயம் வரும்.

உங்களுக்கு உதவுவது வேறொன்று, அதை யாரும் சொல்வதில்லை. ஒரு ஆசிரியர் ஒரே ஒரு மாணவருக்கு நேரலையில் எடுக்கும் வகுப்புக்கு ஆப்பிளின் பில்லிங் (ஆப்புக்குள் ஆப்பிள் வழியாகவே பணம் கட்டும் முறை) கட்டாயமில்லை, நீங்களே பணம் வாங்கிக்கொள்ளலாம், ஆப்பிளின் விதியிலேயே இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு மாணவர்! இரண்டு பேர் சேர்ந்து பார்த்தால் அது குழு வகுப்பு, ஆப்பிள் பில்லிங்தான். அதே வகுப்பைப் பதிவு செய்து வீடியோவாக விற்றாலும் அப்படித்தான். தனி வகுப்பு என்று பெயர் வைத்துவிட்டுப் பத்துப் பேரைச் சேர்த்தால் ஆப் தூக்கப்படும்.

அப்புறம், போன வருட வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டாதவர்களுக்குக் கமிஷன் 15 சதவீதம்தான். தானாகக் குறையாது, ஆப்பிளிடம் விண்ணப்பிக்க வேண்டும், விண்ணப்பம் இலவசம். இந்தப் படிவத்தை நிரப்பித் தரத்தான் பல "ஆலோசகர்கள்" காசு வாங்குகிறார்கள், கூடவே டெவலப்பர் கணக்கின் பாஸ்வேர்டும் கேட்பார்கள். அதைக் கொடுத்தால் ஆப்பே அவர் கைக்குப் போனது மாதிரி. நீங்களே இன்று நிரப்புங்கள், ஒப்புதலுக்கு முன் விற்றதற்கு இந்தச் சலுகை கிடைக்காது.