கையில் ராஜா இருந்தும் தோற்பது ஏன்?

கேள்வி (வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி): பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த என் சித்தப்பா எங்களுக்கு டெக்சாஸ் ஹோல்டெம் போக்கர் கற்றுக்கொடுத்தார். ஞாயிறு மாலைகளில் ஏழெட்டுப் பேர் மொட்டைமாடியில் கூடி, காசு வைக்காமல் புளியங்கொட்டை வைத்து ஆடுகிறோம். மட்டமான சீட்டுகளை உடனே கவிழ்த்துவிடுவதால் அவற்றில் எனக்கு இழப்பில்லை. ஏஸ்-ஜாக்கி, ராஜா-ராணி, ராஜா-ஜாக்கி போன்ற நல்ல சீட்டுகள் வரும்போதுதான் என் முன்னால் இருக்கும் குவியல் கரைகிறது. இது என் நேரமா, ஆட்டத்தில் உள்ள பிழையா?

பதில்: பிழைதான், ஆனால் இந்த ஆட்டத்தைக் கற்கும் ஏறத்தாழ எல்லோரும் செய்கிற பிழை. சித்தப்பா பிரெஞ்சுச் சீட்டுக்கட்டையே கொண்டு வந்திருந்தால் ராஜாவின் மூலையில் ‘ஆர்’, ராணியில் ‘டி’, ஜாக்கியில் ‘வி’ என்ற எழுத்துகள் இருக்கும். நான் நம் ஊர்ப் பெயர்களிலேயே சொல்கிறேன்.

ஹோல்டெமில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு. நடுவில் முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று என ஐந்து பொதுச் சீட்டுகள் திறக்கப்படும். இந்த ஏழில் சிறந்த ஐந்தே உங்கள் கை. உங்களிடம் ஏஸ்-ஜாக்கி இருந்து, எதிரில் இருப்பவரிடம் ஏஸ்-ராஜா இருந்தால், நடுவில் ஏஸ் விழுவதால் உங்களுக்கு எந்த நன்மையும் இல்லை. இருவருக்குமே ஏஸ் ஜோடி அமையும், ஜோடியில் சேராத மற்றச் சீட்டான துணைச்சீட்டால் அவர் ஜெயிப்பார். உங்களைக் காப்பாற்றக் கட்டில் மீதியுள்ள மூன்று ஜாக்கிகளைத்தான் பெரிதும் நம்ப வேண்டும். இப்படி ஒரு சீட்டைப் பொதுவாக வைத்துக்கொண்டு இன்னொன்றில் கீழே நிற்கும் கையை ‘அடங்கிய கை’ என்று சொல்லலாம். ஏஸ்-ராஜாவுக்கு எதிரில் அது நான்கு முறை மோதினால் சுமார் மூன்று முறை தோற்கும். போக்கரிலேயே மிக மட்டமானது என்று பெயரெடுத்த, வகை மாறிய (இரண்டும் வெவ்வேறு வகைச் சீட்டான) 7-2 கூட அதே ஏஸ்-ராஜாவுக்கு எதிரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை ஜெயிக்கிறது. ஏழோ இரண்டோ விழுந்தால் அது அவருக்கு உதவாது, உங்களுக்கு மட்டுமே உதவும். முதன்முதலில் இதைக் கணக்கிட்டுப் பார்த்தபோது நான் நம்பாமல் மறுபடியும் எண்ணினேன்.

எதிரில் இருப்பவரிடம் அப்படிப்பட்ட கை இருக்கும் என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அவர் எந்த இடத்தில் உட்கார்ந்து பந்தயத்தை உயர்த்தினார் என்பதே அதைச் சொல்லிவிடும். எட்டுப் பேர் ஆட்டத்தில் முதலில் பேச வேண்டிய இடத்தில் இருப்பவர், தனக்குப் பின்னால் இத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தே உயர்த்துகிறார். நிதானமான ஆட்டக்காரர் என்றால் அவர் கையில் பத்து முதல் ஏஸ் வரையிலான ஜோடிகளில் ஒன்றோ, ஏஸ்-ராஜாவோ, ஏஸ்-ராணியோ இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் ஒரு ஏஸும் ஒரு ஜாக்கியும் இருப்பதைக் கழித்தால் அவருக்கு 48 விதமாக அந்தக் கைகள் அமையலாம். அவற்றில் ஏஸ்-ராஜா 12, ஏஸ்-ராணி 12, ஏஸ் ஜோடி 3, ஜாக்கி ஜோடி 3, ஆக 30 கைகள் உங்களை அடக்கி வைத்திருக்கின்றன. ராஜா, ராணி ஜோடிகள் 12. அவற்றை வெல்ல உங்களுக்கு ஏஸ் விழுந்தாக வேண்டும். மீதியுள்ள 6 பத்து ஜோடிகளோடு மட்டும்தான் ஏறத்தாழ சரிக்குச் சரியாக நிற்கிறீர்கள். நீங்கள் அடக்கி வைத்திருக்கும் கை இந்த 48-இல் ஒன்றுகூட இல்லை.

இதை நான் கற்றது தேவனாம்பட்டினத்தில், ஒரு பொங்கல் விடுமுறையில். முதல் இடத்திலிருந்து என் மச்சான் மூன்று புளியங்கொட்டை வைத்தார். என்னிடம் இஸ்பேட் ஏஸும் டைமன் ஜாக்கியும் இருந்ததால் நானும் மூன்று வைத்தேன். நடுவில் கிளாவர் ஏஸ், ஆட்டின் 7, டைமன் 4 விழுந்தன. அவர் ஆறு வைத்தார், நானும் வைத்தேன். அடுத்து கிளாவர் 9 வந்தது. அவர் பதினைந்து வைத்தார், அதையும் வைத்தேன். கடைசியாக இஸ்பேட் 2 வந்தபோது அவர் இருபதை நகர்த்த, என்னிடம் எஞ்சியிருந்த இருபதையும் தள்ளினேன். அவர் திருப்பிக் காட்டியது டைமன் ஏஸ், ஆட்டின் ராஜா. மொத்தம் 44 கொட்டைகள் போயின. ஏஸ் விழாமல் இருந்திருந்தால் மூன்றோடு கவிழ்த்திருப்பேன். அடங்கிய கையின் ஆபத்து, சீட்டு விழாதபோது சிறிய இழப்பையும் விழுந்தபோது பெரிய இழப்பையும் தருவதில்தான் இருக்கிறது. நீங்கள் ‘நல்ல சீட்டில்தான் இழக்கிறேன்’ என்று எழுதியிருப்பதும் இதைத்தான்.

ஆகவே முன் இடத்திலிருந்து ஒருவர் உயர்த்திவிட்டால் ராஜா-ஜாக்கியையும் வகை மாறிய ஏஸ்-ஜாக்கியையும் தயங்காமல் கவிழ்த்துவிடுங்கள். உங்களுக்கு முன் பேசியவர்கள் எல்லோரும் கவிழ்த்து, சீட்டுப் போடுபவரின் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள் என்றால் அதே ஏஸ்-ஜாக்கியோடு நீங்களே உயர்த்தலாம். அப்போது உங்களைத் தொடர்பவர் ஏஸ்-பத்து, ஏஸ்-ஒன்பது போன்ற கைகளோடும் வருவார், அடக்குபவர் நீங்களாக இருப்பீர்கள். எப்படியோ மாட்டிக்கொண்டு நடுவில் ஏஸ் விழுந்துவிட்டால் ஒரு சுற்றுக்கு மேல் பெரிய பந்தயத்தைத் தொடர வேண்டாம்.

புளியங்கொட்டையையே வைத்திருப்பது நல்லது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது.

கேள்வி (வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்): ராஜா-ஜாக்கி இரண்டுமே ஆட்டினாக இருந்தால் துணிந்து ஆடலாம் அல்லவா?

பதில்: கொஞ்சம் கூடுதல் பலம் உண்டு, நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. முதல் மூன்று பொதுச் சீட்டுகளும் ஆட்டினாகவே விழுந்து, ஐந்தும் ஒரே வகையான கை உடனே நிறைவது சுமார் 119 முறைக்கு ஒரு முறைதான். இரண்டு ஆட்டின் விழுந்து மூன்றாவதுக்குக் காத்திருக்கும் நிலை ஏறத்தாழ ஒன்பதுக்கு ஒரு முறை வரும். மற்ற நேரங்களில் அது வெறும் ராஜா-ஜாக்கிதான், ஏஸ்-ராஜாவுக்கு எதிரில் அதே மூன்று ஜாக்கிகளுக்காகக் காத்திருக்கும். கடைசி இடத்தில், சிறிய பந்தயத்துக்கு ஆடிப் பாருங்கள். ஆட்டின் நிறைந்தே விட்டாலும் ஆட்டின் ஏஸ் நடுவில் இல்லாதவரை, அது யார் கையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.