ஓட்டும் டாலரும்: அமெரிக்கத் தேர்தல் கேள்வி-பதில்

கேள்வி: கிரீன் கார்டு வைத்திருக்கிறேன். லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது வாக்காளராகப் பதிவு செய்யட்டுமா என்றார்கள். சரி என்று டிக் அடித்துவிட்டேன். ஓட்டுப் போடலாம்தானே? (எடிசன், நியூஜெர்சி)

பதில்: போடவே போடாதீர்கள். ஃபெடரல் தேர்தலில் (அதிபர், நாடாளுமன்றம்) குடிமக்களுக்கு மட்டும்தான் ஓட்டு. 1993 சட்டம் வந்ததிலிருந்து லைசென்ஸ் கவுன்டரிலேயே வாக்காளர் பதிவும் நடக்கிறது. அவர்கள் கேட்டதால் உங்களுக்குத் தகுதி வந்துவிடாது. ஒரு தடவை ஓட்டுப் போட்டாலும் நாடு கடத்தும் வரை போகலாம். குடிமகன் என்று டிக் அடித்திருந்தால் அதுவே வம்பு. முதலில் குடியேற்ற வக்கீலைப் பாருங்கள், அவர் சொல்கிறபடி பதிவை நீக்குங்கள். எத்தனை தடவைதான் எழுதுவது, படிக்காமல் டிக் அடிக்காதீர்கள்!

கேள்வி: எச்-1பி விசாவில் இருப்பவர் வேட்பாளருக்கு நன்கொடை தரலாமா? நண்பர் பெயரில்?

பதில்: தரக் கூடாது. அடுத்தவர் பெயரில் கொடுப்பது தனிக் குற்றம். கிரீன் கார்டு இருந்தால் தரலாம். ஓட்டு கிடையாது, நன்கொடைக்குத் தடையில்லை; விநோதம்தான்.

கேள்வி: ஒருவர் வேட்பாளருக்கு 3,500 டாலர்தான் தரலாமாம். எலான் மஸ்க் 2024-ல் 25 கோடிக்கு மேல் கொட்டியது எப்படி? 2010 தீர்ப்பு கம்பெனிகள் வேட்பாளருக்குப் பணம் தர வழிவிட்டதால்தானே? (ஃபிரிஸ்கோ, டெக்சஸ்)

பதில்: இல்லை, இல்லை, இல்லை. வாரம் ஒரு கடிதமாவது இப்படி வருகிறது. கம்பெனி நேரடியாக வேட்பாளருக்குப் பணம் தர 1907-லேயே தடை போட்டார்கள். ஃபெடரல் தேர்தலில் அது இன்றும் இருக்கிறது. 3,500 என்பது 2025-26 கணக்கு. பிரைமரிக்கு (கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்) ஒரு தடவை, பொதுத் தேர்தலுக்கு ஒரு தடவை, ஆக 7,000.

மூல காரணம் 1976-ன் பக்லி தீர்ப்பு. கொடுப்பதற்கு வரம்பு வைக்கலாம், செலவழிப்பதற்கு வைக்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். தனிப்பட்ட பணக்காரர் வேட்பாளரோடு சேராமல் எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்பது அன்றே முடிவாகிவிட்டது. 2010-ன் சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பு அதே உரிமையைக் கம்பெனிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் கொடுத்தது. சில வாரங்களில் வேறொரு வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், தனித்துச் செலவழிக்கும் குழு வரம்பில்லாமல் பணம் வாங்கலாம் என்றது. இப்படிப்பட்ட குழுவுக்குத்தான் சூப்பர் பேக் என்று பெயர்; அது பிறந்தது அங்கேதான். மஸ்க் பணத்தில் பெரும்பகுதி போனதும் அந்த வழியில்தான்.

‘தனித்து’ என்பது பேச்சுக்குத்தான். 2024-ல் தேர்தல் ஆணையம், வீடு வீடாகக் கதவு தட்டும் வேலையில் வேட்பாளரும் சூப்பர் பேக்கும் கலந்து பேசலாம் என்று சொல்லிவிட்டது. ஆனாலும் சூப்பர் பேக் நன்கொடையாளர் பட்டியலையாவது தாக்கல் செய்கிறது. ‘சமூக நலம்’ என்று பதிவு செய்துகொண்டு விளம்பரம் போடும் அமைப்புகள் பெரும்பாலும் அதையும் செய்வதில்லை. அவற்றைப் பற்றி ஒருவராவது கேட்கிறீர்களா?

கேள்வி: அப்படியென்றால் பணம் இருந்தால் ஜெயித்துவிடலாமா?

பதில்: 2020 அதிபர் தேர்தல் பிரைமரியில் நியூயார்க் முன்னாள் மேயர், கோடீஸ்வரர் மைக்கேல் புளூம்பெர்க் சொந்தப் பணம் 100 கோடி டாலர் இறைத்தார். அவர் வென்ற ஒரே இடம் பசிபிக்கில் உள்ள குட்டித் தீவுப் பகுதியான அமெரிக்கன் சமோவா.

கேள்வி: சிறைக்குப் போய் வந்தவருக்கு ஓட்டு உண்டா?

பதில்: எந்த மாநிலம்? மாநிலத்தின் பெயரை எழுதுங்கள் என்று போன முறையும் சொன்னேன். மெய்ன், வெர்மான்ட்டில் சிறைக்குள்ளிருந்தே ஓட்டுப் போடலாம். ஃபுளோரிடாவில் தண்டனை முடிந்து, தீர்ப்பில் விதித்த அபராதமும் கட்டியிருக்க வேண்டும். கொலை, பாலியல் குற்றம் என்றால் அதுவும் போதாது.

கேள்வி: நம்மூரில் 70 சதவீதத்தைத் தாண்டுகிறோம். அமெரிக்கர்களுக்கு ஏன் இவ்வளவு சோம்பல்? (மதுரை)

பதில்: 2020-ல் சுமார் 66, அதிபர் தேர்தல் இல்லாத 2014 இடைக்காலத் தேர்தலில் 36 சதவீதம். ஆனால் நம் கணக்கு பட்டியலில் பெயர் உள்ளவர்களை வைத்து. அங்கே பதிவே செய்யாதவரையும் சேர்த்துத்தான் வகுக்கிறார்கள். பட்டியல் எடுக்க வீட்டுக்கு ஆள் வராது, நீங்களே பதிய வேண்டும். வடக்கு டகோட்டாவில் மட்டும் பதிவே கிடையாது. தேர்தல் நாள் செவ்வாய்க்கிழமை, நாடு முழுக்க விடுமுறையும் இல்லை. ஷிஃப்ட் முடிந்து வரிசையில் நிற்பவரைச் சோம்பேறி என்பீர்களா?