செலவு ரசம் இருக்கட்டும், வசம்பு வேண்டாம்

பால் கொடுக்கும் தாய்மார்கள் நாட்டு மருந்து பற்றிக் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன். கோபியில் தாத்தாவின் நாட்டு மருந்துக் கடையில் வளர்ந்தவள் நான், இப்போது மருந்தாளுநர். இரண்டு பக்கமும் திட்டு வாங்கிப் பழக்கம்.

பெருந்துறையிலிருந்து: பிரசவமாகிப் பன்னிரண்டு நாள். மாமியார் தினமும் செலவு ரசம், அதாவது மருந்துச் சாமான் போட்ட ரசம், வைக்கிறார். குழந்தைக்கு ஆகுமா, அக்கா?

ஆகும் அம்மணி. மிளகு, திப்பிலி, பூண்டு எல்லாம் ரசத்தில் சேரும் அளவுக்கு உணவுதான். பூண்டு வாசம் பாலில் இறங்கும். அந்தப் பாலைக் குழந்தைகள் கூடுதல் நேரம் சப்பியதாக 1991-இல் ஓர் ஆய்வே வந்தது. ஆனால் 'தண்ணீர் குடித்தால் பிள்ளைக்குச் சளி' என்று சொம்பை ஒளித்து வைத்தால் கேட்காதீர்கள். தாகம் எடுத்தால் குடியுங்கள்.

திருப்பூர்: பால் குறைவென்று வெந்தய மாத்திரை எடுக்கிறேன். பாப்பாவுக்கு வயிற்றால் போகிறது.

நிறுத்திப் பாருங்கள். தோசை மாவில் போடும் வெந்தயம் வேறு, நாளுக்குக் கிராம் கணக்கில் உள்ளே போகும் மாத்திரை வேறு. தாய்க்கும் பிள்ளைக்கும் வயிற்றுப்போக்கு வரலாம். சர்க்கரைக்கோ ரத்தம் உறையாமலிருக்கவோ மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. முதலில், பால் உண்மையிலேயே குறைவா? முதல் வாரம் கழிந்த குழந்தை நாளுக்கு ஆறு துணியாவது நனைத்து, எடையும் ஏறினால் போதிய பால் கிடைக்கிறது என்று பொருள். மார்பு காலியாகக் காலியாகத்தான் ஊறும். அடிக்கடி கொடுங்கள், இரவிலும்.

சத்தியமங்கலம்: மல்லிகைப் பூ வைத்தால் பால் வற்றுமா?

கூந்தலில் ஒரு முழம் வைத்துக்கொள்வது வேறு. மார்பில் வைத்துக் கட்டினால்தான் பால் வற்றும். வேலூரில் சோதித்து 1988-இல் வெளியிட்டார்கள். பால் நிறுத்தும் மாத்திரைக்கு ஈடாகப் பூவும் வேலை செய்தது. பாட்டிகள் சும்மா சொல்லவில்லை.

காங்கேயம்: தெரிந்தவர் கிண்டிக் கொடுத்த பிரசவ லேகியம், டப்பாவில் சீட்டே இல்லை.

சாப்பிடாதீர்கள். பதினான்கு வயதில் சதகுப்பை கேட்டவருக்குச் சோம்பைக் கட்டிக் கொடுத்து அடி வாங்கியிருக்கிறேன். அது சோம்போடு போயிற்று. லேகியத்தில் உலோகத்தையோ தாதுவையோ புடம் போட்டுச் செய்யும் பற்பமோ செந்தூரமோ கலந்திருந்தால் பாதரசம், ஈயம் என்று கண்ணுக்குத் தெரியாத சங்கதி. சேர்மானம், தயாரிப்பு உரிம எண், தேதி மூன்றும் அச்சிட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் சுக்கும் ஓமமும் கருப்பட்டியும் நெய்யும் வாங்கி, வீட்டிலேயே உங்கள் கண் முன்னால் கிண்டச் சொல்லுங்கள்.

தாராபுரம்: அமுச்சி (அம்மாவின் அம்மா) வசம்பை விளக்கில் சுட்டு, உரைத்து, குழந்தை நாக்கில் தடவுகிறார். நன்றாகத் தூங்குகிறான்.

அந்தத் தூக்கம்தான் எனக்குப் பயம். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்று பெயர். அதிலுள்ள அசரோன் என்ற பொருள் விலங்குகளுக்குப் புற்றுநோய் தந்ததால் அமெரிக்கா 1968-லேயே உணவில் தடை செய்தது. வாந்தி வரும், மூச்சுக்குழலில் இறங்கும். கையில் கட்டும் வசம்பு வளையலும் வேண்டாம், எப்படியும் வாய்க்குத்தான் போகும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், மருத்துவர் எழுதிய மருந்து தவிர. தேன் ஒரு வயது வரை ஒரு சொட்டும் கூடாது.

அவரிடம் எப்படிச் சொல்வது, அக்கா? கோபித்துக்கொள்வார்.

உரைகல்லைப் பிடுங்க வேண்டாம். தலைவலிக்கிறது அமுச்சி, சுக்கு உரைத்துப் பற்றுப் போட்டுவிடுங்கள் என்று நெற்றியைக் காட்டுங்கள்.