யூரியாவில் எத்தனை அணுக்கள்? 7 ஆ, 8 ஆ?

சாதாரண தர மாணவர் கேட்டிருக்கிறார்: யூரியாவின் சூத்திரம் சீஓ(என்எச்₂)₂. எண்ணினால் 7 வருகிறது, விடையில் 8. பிழை எங்கே?

அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கும் 2 ஐ நீங்கள் ஐதரசனுக்கு மட்டும் கொடுத்துவிட்டீர்கள். அது உள்ளே உள்ள எல்லாவற்றையும் பெருக்கும்: நைதரசன் 1×2=2, ஐதரசன் 2×2=4. காபனும் ஒட்சிசனும் வெளியே நிற்பதால் ஒவ்வொன்றுதான். மொத்தம் 8.

சரிபார்க்க நல்ல வழி, வன்னியில் பெரும்போகத்துக்கு வாங்கும் யூரியாப் பை. அதில் நைதரசன் 46% என்றிருக்கும். அணுத்திணிவுகளைக் கூட்டுங்கள்: காபன் 12 + ஒட்சிசன் 16 + நைதரசன் 28 + ஐதரசன் 4 = 60. 28 ஐ 60 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 46.7%. பையோடு ஒத்துப்போகிறது, சிறிய வித்தியாசம் ஈரத்தாலும் மாசுகளாலும் வருவது. உங்கள் 7 அணுக் கணக்கில் 14/46, அதாவது 30% தான் வரும்.

சீ, ஓ இரண்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓ சிறிய எழுத்தானால் அது கோபால்ற்று, ஒரே மூலகம்!

சூத்திரத்துக்கு முன்னால் 2 வந்தால் முழுவதும் இரட்டிக்கும்: 16 அணுக்கள்.

மயில்துத்தத்தின் சூத்திரம் சீயூஎஸ்ஓ₄·5எச்₂ஓ. அதில் புள்ளிக்குப் பின் வரும் 5 அங்குள்ள நீருக்கு மட்டும். செம்பு 1, கந்தகம் 1, ஒட்சிசன் 4+5=9, ஐதரசன் 10; மொத்தம் 21. நீரின் ஒட்சிசனைக் கூட்ட மறப்பவர்கள்தான் அதிகம்.