தலை இல்லாத கிட்டாருக்கு இத்தனை விலையா? கேள்வி-பதில்

ஹெட்லெஸ் எலெக்ட்ரிக் கிட்டார், அதாவது கழுத்து (நெக்) முனையில் தலைப்பகுதி இல்லாத கிட்டார், வாங்குவது பற்றிய கேள்விகள் நிறைய சேர்ந்துவிட்டன. இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஹெட்லெஸ் கிட்டாரில் தலைப்பகுதி மரமே கிடையாது. அப்படியிருந்தும் அதே தரத்துச் சாதாரண கிட்டாரைவிட விலை கூடுதலாக இருக்கிறதே, எதற்காக?

பதில்: தலை போனாலும் அதிலிருந்த, சுருதி சேர்க்கும் ட்யூனர்கள் போகவில்லை. உடலில் ஸ்டிரிங் வந்து முடியும் பிரிட்ஜுக்கு வந்து உட்கார்ந்திருக்கின்றன. கூடுதல் விலையில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. சாதாரண ட்யூனர் பெரிய ஆலைகளில் ஏராளமாக உருவாகும் பொருள், அதனால் மலிவு. ஹெட்லெஸ் பிரிட்ஜ் அப்படியில்லை. ஒவ்வொரு ஸ்டிரிங்குக்கும் உயரம், இன்டோனேஷன் (நெக் நெடுகச் சுருதி பிசகாமல் இருப்பது), ட்யூனிங் மூன்றையும் ஒரு சின்னஞ்சிறு உலோகத் துண்டுக்குள் அடக்க வேண்டும். ஸ்டிரிங் இழுக்கும் இழுப்பு முழுவதையும் தாங்கிக்கொண்டே அது வழுக்கலாக நகரவும் வேண்டும். திருகு மரையில் இம்மியளவு தளர்வு இருந்தாலும் சுருதி நிற்காது. அமெரிக்காவின் ஹிப்ஷாட், ஜெர்மனியின் ஏபிஎம் போன்ற சில நிறுவனங்கள்தான் இதைத் தனியாகச் செய்து விற்கின்றன. ஸ்ட்ராண்ட்பெர்க் மாதிரியான கிட்டார் நிறுவனங்கள் சொந்தமாக வடிவமைத்துக்கொள்கின்றன. இரண்டு வழியிலும் எண்ணிக்கை குறைவு, அதனால் ஒரு துண்டுக்கான செலவு அதிகம்.

இந்த வடிவம் பரவக் காரணமானவர் நெட் ஸ்டைன்பெர்கர். 1980 வாக்கில் சந்தைக்கு வந்த அவருடைய எல்2 பேஸ் கிட்டாரில் மரமே இல்லை. உடலும் நெக்கும் கார்பன் இழை கலந்த ரெசினால் ஆனவை. அவருடைய கிட்டார்களில் வந்த ட்யூனரின் விகிதம் 40:1. சாதாரண ட்யூனர்களில் 14:1 முதல் 18:1 வரைதான். குமிழை நிறையத் திருப்பினால் சுருதி கொஞ்சமாக நகரும், ஆகவே நுணுக்கமாகச் சரிசெய்யலாம். அந்த நுணுக்கத்துக்குத்தான் இன்றும் காசு கொடுக்கிறோம்.

மீதி விலை ஹெட்லெஸ் என்பதற்காக வருவதே அல்ல. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்), வறுத்த மேப்பிள் நெக், நெக்குக்குள் கார்பன் கம்பிகள், உள்ளே குடைந்த உடல், ஃபிஷ்மன் ஃப்ளூயன்ஸ் பிக்கப் (ஸ்டிரிங் அதிர்வை மின்குறியாக்கும் பாகம்) என்று வரிசையாகச் சேர்ப்பார்கள். இந்த வகைக் கிட்டாரை வாங்குகிறவர்கள் இவற்றையெல்லாம் கேட்பார்கள் என்று தயாரிப்பாளர்களுக்குத் தெரியும். கண்ணைப் பறிக்கும் மேல்பலகைக்கும் ஒரு தொகை உண்டு. பெரும்பாலும் மெல்லிய மரத் தகடான வெனீர்தான் அது. அழகுக்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் தவறில்லை. ஒலிக்காகக் கொடுக்கிறோம் என்று நம்பிக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: இந்தோனேசியாவில் செய்த ஸ்ட்ராண்ட்பெர்க் போடன் வாங்கலாமா, அல்லது இன்னும் சேர்த்து வைத்து, ஆர்டரின் பேரில் செய்யும் கஸ்டம் ஷாப் கிட்டாருக்குப் போகலாமா?

பதில்: ஓலா ஸ்ட்ராண்ட்பெர்க் ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர். பெருமளவுத் தயாரிப்பு இந்தோனேசியாவுக்குப் போனதால்தான் அவருடைய வடிவம் இத்தனை பேர் கைக்கு வந்தது. அந்த வரிசையின் விலை மாடலைப் பொறுத்து ஏறத்தாழ 1,000 டாலரிலிருந்து 2,500 டாலர் வரை இருக்கும். ஆர்டரின் பேரில் செய்பவை 3,000 டாலரைத் தாண்டி எங்கேயோ போகும். அடிப்படை வடிவம் இரண்டுக்கும் ஒன்று: அதே உடல் வளைவு, அதே எண்டூர்நெக். எண்டூர்நெக் என்பது நெக்கின் பின்புறம் உருண்டையாக இல்லாமல் தட்டையான முகங்களோடு சரிவக வடிவில் இருப்பது. அந்த முகங்கள் நெக் நெடுக மெல்ல இடம் மாறிக்கொண்டே போகும். கட்டைவிரல் தானாகச் சரியான இடத்தில் பதியும் என்பது அவர்கள் கணக்கு. சிலருக்கு முதல் ஐந்து நிமிடத்திலேயே பிடித்துவிடும். சிலருக்கு எத்தனை மாதம் ஆனாலும் ஒட்டாது. எனவே உங்கள் கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: அந்த நெக்கை உங்கள் கை ஏற்கிறதா? நண்பர் யாரிடமாவது இருந்தால் ஒரு மணி நேரமாவது வாசித்துப் பார்க்காமல் இரண்டையும் வாங்க வேண்டாம்.

ஏற்றுக்கொண்டது என்றால், இந்தோனேசியத் தயாரிப்பே போதும் என்பது என் கட்சி. மேலே போகப் போகக் கிடைப்பது ஃப்ரெட் முனைகளின் மெருகு, மரத் தேர்வு, எடை, நிறம் இவைதான். நல்ல லூதியர் (கிட்டார் செய்து பழுதுபார்ப்பவர்) ஒருவரிடம் கொடுத்து ஃப்ரெட் உயரங்களைச் சமப்படுத்தி, செட்டப்பும் செய்துகொண்டால், வாசிக்கும்போது தெரியும் வித்தியாசத்தில் பெரும்பகுதி மறைந்துவிடும். மூன்று மடங்கு விலைக்கு மூன்று மடங்கு கிட்டார் கிடைப்பதில்லை.

வேறு பெயர்களையும் பாருங்கள். ஐபனேஸ் 2021இல் க்யூ வரிசையைக் கொண்டுவந்த பிறகு நடுத்தர விலையில் போட்டி நன்றாகவே சூடு பிடித்தது. கலிஃபோர்னியாவின் கீசல், கடைகள் வழியாக அன்றி நேரடியாக விற்பதால், அமெரிக்காவில் ஆர்டரின் பேரில் செய்த கிட்டாரை மற்றவர்களைவிடக் குறைந்த விலைக்குத் தர முடிகிறது. கிட்டார் கலைஞர் ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த் பெயரில் ஹெட்லெஸ் மாடல் செய்ததும் இதே குடும்பத்து நிறுவனம்தான். அப்போது கார்வின் என்ற பெயரில் இருந்தார்கள். மரமே வேண்டாம் என்றால் நெதர்லாந்தின் அரிஸ்டைட்ஸ் இருக்கிறது. ஏரியம் என்று அவர்கள் அழைக்கும் கலவையை அச்சில் ஊற்றி முழுக் கிட்டாரையும் ஒரே துண்டாக எடுக்கிறார்கள். விலையும் அதற்கேற்றபடி.

கேள்வி: தலை இல்லாவிட்டால் சஸ்டெய்ன் (சுரம் நீண்டு ஒலிப்பது) கூடும் என்கிறார்களே?

பதில்: விளம்பர வாசகம். தலையின் எடை போனால் நெக் அதிரும் விதம் மாறும் என்பது உண்மை. ஒரு சுரத்தின் அதிர்வெண் நெக்கின் சொந்த அதிர்வெண்ணோடு ஒத்துப்போகும் இடத்தில் ஸ்டிரிங்கின் ஆற்றலை நெக் உறிஞ்சிவிடும். டெட் ஸ்பாட் என்று சொல்வது அதைத்தான். தலையை வெட்டினால் அந்த இடம் வேறு ஃப்ரெட்டுக்கு நகரலாம். முற்றிலும் காணாமல் போக வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. வாங்கும்போது ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் சுரத்தை நீள ஒலிக்கவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: ஆறு ஸ்டிரிங் கிட்டாருக்கு ஃபேன்டு ஃப்ரெட் (விசிறிபோல் விரிந்து, தடித்த ஸ்டிரிங்குக்கு நீளம் கூட்டும் ஃப்ரெட்) தேவையா? அது இல்லாத மாடல் சற்று மலிவாகக் கிடைக்கிறது.

பதில்: கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரே ஸ்டிரிங், ஒரே சுருதி என்றால், இழுவிசை ஸ்கேல் நீளத்தின் (ஸ்டிரிங் அதிரும் நீளம்) இருமடிக்கு ஏற்பக் கூடும். போடன் ஆறு ஸ்டிரிங் மாடலில் மெல்லிய ஸ்டிரிங் பக்கம் 25 அங்குலம், தடித்த பக்கம் 25.5 அங்குலம். இழுவிசையில் வித்தியாசம் வெறும் 4 சதவீதம். ஸ்டிரிங்கில் ஒரு கேஜ் (தடிமன் அளவு) மாற்றினாலே இதைவிட அதிகம் மாறும். எட்டு ஸ்டிரிங்கில் தடித்த பக்கம் 28 அங்குலம் வரை போகிறது, 25.5 அங்குலத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 20 சதவீத இழுவிசை கூடும். அங்கே கீழ் சுரங்கள் தொளதொளவென்று இல்லாமல் தெளிவாக நிற்கும். ஆகவே ஏழுக்கு மேல் அவசியம் என்பேன். ஆறுக்கு உங்கள் மணிக்கட்டு வசதி மட்டும்தான் கணக்கு. சாதாரண ட்யூனிங்கில் வாசிப்பவர் மலிவான மாடலை எடுத்துக்கொண்டு, மிச்சப் பணத்தை பிக்கப்பில் போடலாம்.

கேள்வி: 1980களின் ஸ்டைன்பெர்கர் கிட்டார் ஒன்று கைமாற்றாக வருகிறது. எதையெதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: முதலில் நெக். கார்பன் கலவையால் ஆன அந்தக் காலத்து எல் வரிசைக் கிட்டார்களில் ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைத் திருகிச் சரிசெய்யும் உள்கம்பி) கிடையாது. நேராக இருக்கும்வரை வெயில், மழை எதற்கும் அசையாது. வளைந்துபோயிருந்தால் திருகிச் சரிசெய்ய வழியில்லை. விற்பவரிடம் ஒன்றாம் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஸ்டிரிங்கை அழுத்திப் பிடித்து, நடுவில் தெரியும் இடைவெளியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது ட்ரெமோலோ (கைப்பிடியால் சுருதியை ஏற்றி இறக்கும் பிரிட்ஜ்). ட்ரான்ஸ்ட்ரெம் என்ற ஸ்டைன்பெர்கர் வகை இருந்தால் விலை ஒரேயடியாக ஏறும். ராக் கிட்டார் கலைஞர் எட்டி வான் ஹேலன் கையில் இருந்தது அந்த வகை. எல்லா ஸ்டிரிங்கும் ஒரே அளவில் ஏறி இறங்கி, கார்டு கலையாமல் சுருதி மாறும்; ஒரு குறிப்பிட்ட சுருதியில் பூட்டி நிறுத்தவும் முடியும். ஆனால் இரண்டு முனையிலும் உருண்டை கொண்ட ஸ்டிரிங் வேண்டும், அதுவும் நீளம் துல்லியமாக அளந்து செய்த வகை. தேய்ந்த உதிரிப் பாகங்களுக்கு அலைய வேண்டியிருக்கும். சேகரிப்பாளருக்குச் சரி. வாரா வாரம் மேடை ஏறுகிறவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

1980களின் பிற்பகுதியில் இந்த நிறுவனம் கிப்சன் என்ற கிட்டார் நிறுவனத்தின் கைக்குப் போனது. பின்னாளில் ஸ்பிரிட் என்ற பெயரில் வந்த மலிவு வரிசை மர நெக் கொண்டது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பழையது என்று சொல்லி ஸ்பிரிட்டை ஏற்றிய விலைக்குத் தள்ளிவிடப் பார்ப்பவர்கள் உண்டு, கவனம்.

கேள்வி: அன்றாடப் பயன்பாட்டில் வரும் தொல்லைகள்?

பதில்: உண்டு, ஆனால் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். கிளிப் ட்யூனரை மாட்டத் தலை இல்லை. பெடல் ட்யூனரோ செயலியோதான் கதி. கழுத்தைப் பிடிக்கும் சாதாரண ஸ்டாண்டும் சுவர்க் கொக்கியும் உதவாது. ஸ்டிரிங் மாற்றும்போது குறடால் நன்றாக இழுத்துப் பிடித்த பிறகே நட்டுக்கு (நெக் முனையில் ஸ்டிரிங் அமரும் பள்ளப் பட்டை) அருகிலுள்ள திருகை இறுக்க வேண்டும். தளர்வாக விட்டால் ட்யூனர் தன் நகர்வு முழுவதும் ஓடி முடிந்துவிடும், சுருதி வந்து சேராது. அதிகமாக இறுக்கினால் மெல்லிய ஸ்டிரிங் அங்கேயே வெட்டுப்படும். அடிக்கடி ட்யூனிங் மாற்றுபவர்கள் வாங்குமுன் தடித்த ஸ்டிரிங்கின் குமிழைத் திருகிப் பார்க்க வேண்டும். மலிவு பிரிட்ஜ்களில் விரல் நோகும். நல்லவற்றில் உள்ளே பேரிங் இருக்கும், வழுக்கிக்கொண்டு திரும்பும்.

மறுபக்கம், நெக் கீழே சாய்வது அநேகமாக நின்றுவிடும். நீளம் குறைந்து பயணத்துக்கும் வசதி. முதுகுவலி உள்ளவர்களுக்கு இரண்டு, இரண்டரைக் கிலோ எடை பெரிய வரம். கிப்சனின் லெஸ் பால் கிட்டார் நான்கு கிலோவை ஒட்டி வரும்.

கேள்வி: சின்னப் பட்டறை ஒன்று பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறது. ஓராண்டுக்குமேல் காத்திருக்க வேண்டுமாம். நம்பலாமா?

பதில்: ஆளைப் பொறுத்தது. முன்பணத்தை வாங்கிக்கொண்டு மூடிப்போன பட்டறைகள் இந்தத் துறையில் உண்டு. பெரும்பாலும் மோசடி எண்ணத்தோடு தொடங்கியவை அல்ல. புதிய ஆர்டரின் பணத்தில் பழைய ஆர்டரை முடிக்கும் சுழலில் சிக்கியவை. கடந்த ஆறு மாதத்தில் கிட்டார் கைக்கு வந்த வாடிக்கையாளர்களை நீங்களாகவே தேடிப் பிடித்துக் கேளுங்கள், பட்டறை கொடுக்கும் பட்டியலிலிருந்து அல்ல. பணத்தை ஒரே தவணையில் கொடுக்காமல், மரம் வெட்டியதும் இவ்வளவு, ஃப்ரெட் போட்டதும் இவ்வளவு என்று படத்தோடு இணைத்துப் பேசுங்கள். கிரெடிட் கார்டு வழியாகச் செலுத்தினால் பொருள் வராதபோது வங்கியில் முறையிட ஒரு வழியாவது இருக்கும்.

ஒப்பந்தத்தில் பிரிட்ஜின் பெயரும் மாடலும், எடையின் உச்ச வரம்பும், தேதி தவறினால் பணம் திரும்புமா என்பதும் எழுத்தில் இருக்கட்டும். ரோஸ்வுட் கேட்டிருந்தால் எந்த வகை என்று குறிக்கச் சொல்லுங்கள். 2017இல் ரோஸ்வுட்டுக்கு வந்த சைட்டிஸ் (அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகம் குறித்த உலக ஒப்பந்தம்) கட்டுப்பாட்டிலிருந்து முடிந்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்குக் கிடைத்துவிட்டது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு இல்லை. உரிய அனுமதித் தாள் இல்லாமல் எல்லை தாண்டினால் சுங்கத்திலேயே நின்றுவிடும்.